சித்தப்பாவுக்குப் பிடித்த உருளைக்கிழங்கு

பால், வெண்ணெய், சீஸ், உருளைக்கிழங்கு. இந்த நான்கையும் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பிய என் வயதுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். படிப்பதால் சர்க்கரை ஏறாது. தைரியமாக உட்காருங்கள்.

வருடத்துக்கு ஒரு நாள், தீபாவளிக்குக் கொஞ்சம் முந்தி, எங்கள் வீட்டில் இந்த நான்கும் ஒரே பாத்திரத்தில் சேர்ந்து வேகும். அன்று என் சித்தப்பாவின் தெவசம். போனவர்களுக்குப் பிடித்ததை இலையில் வைப்பது நம் பக்கத்து வழக்கம்தானே. சில வீடுகளில் கறிக்குழம்பு வைப்பார்கள், சில வீடுகளில் சுருட்டு. இன்னும் சில வீடுகளில் பெண்கள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு குவார்ட்டர் வைப்பார்கள். விருதுநகரில் பிறந்து, எண்ணெயில் பொரித்த பரோட்டாவைத் தின்று வளர்ந்த என் சித்தப்பாவுக்கு மட்டும் வெள்ளைக்காரன் ஊர்ப் பதார்த்தம். வட்டம் வட்டமாக அரிந்த கிழங்கு, அது மூழ்குகிற அளவு பாலும் வெண்ணெயும், மேலே சீஸ். மேலும் கீழும் நெருப்பு வைத்துப் பொன் நிறமாக எடுக்க வேண்டும்.

"சித்தப்பா தாத்தாவுக்கு ரொம்ப டேஸ்ட் போல" என்று என் தம்பி மகள் ஆச்சரியப்படுவாள். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். சீஸ் தின்ற மூதாதை ஒருவர் தனக்கு இருந்ததில் அவளுக்குப் பெருமை. நான் ஒன்றும் சொல்வதில்லை. நான் கட்டுரை எழுதுகிறவள். வீட்டில் பேசுகிற பழக்கம் விட்டுப்போய்விட்டது.

அப்பா அந்தக் காலத்தில் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு யூனிட்டில் பங்குக்காரர். சித்தப்பா அவருடைய தம்பி. அங்கே மேற்பார்வை பார்த்தார். கல்யாணம் ஆகவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் குளித்து, கழுத்து வெள்ளையாகும்வரை பவுடர் போட்டு, பரோட்டாக் கடைக்குக் கிளம்பிவிடுவார். மோர்ச்சோற்றுக்குப் பச்சை மிளகாயைக் கேரட் மாதிரிக் கடிப்பார். எங்கள் வீடு இருந்த தெருவே மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கிவைக்கிற கிட்டங்கித் தெரு. காற்றடித்தால் தெருவே தும்மும். சித்தப்பா மட்டும் தும்ம மாட்டார். "வெளியில இருக்க காரம் உள்ள இருக்க காரத்தைப் பாத்துப் பயந்து ஓடிரும் ஆத்தா" என்பார் என்னிடம்.

வெடிமருந்து கலக்கிற வேலையைக் காலையில் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். பட்டாசு ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விதி இது. ஆனால் சீசன் உச்சத்தில் இருந்தது. வடக்கே போகிற லோடு லாரி வாசலில் நின்றது. வெயில் ஏறின பிறகும், "இன்னும் ஒரே ஒரு கலவை போட்டுருவோம்" என்று யாரோ சொன்னார்கள். அந்த யாரோ அப்பாதான் என்பது, பிறகு ஒருநாள் அம்மா அடுப்படியில் தனக்குத்தானே பேசி அழுதபோது எனக்குத் தெரிந்தது.

அந்தக் கலவை வெடித்தது. அறைக்குள் இருந்தவர்கள் வெளியே வரவில்லை. வாசலில் நின்றிருந்த சித்தப்பா வந்தார்.

மதுரையில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவரை வீட்டுக்கு அனுப்பினால் அது குணமாகித்தான் என்று நம்புகிற குடும்பம் எங்களுடையது. அம்மா ஆரத்தி எடுத்தாள். முற்றத்தை ஒட்டிய அறையில் கட்டில் போட்டு, வாழையிலை விரித்து, கொசுவலை கட்டினார்கள். கட்டுக்கு வெளியே தெரிந்தது கண்ணும் வாயும் மட்டும்தான். அப்போது காலாண்டுப் பரீட்சை லீவு. பக்கத்தில் உட்கார்ந்து விசிறுவது என் வேலை. பவுடர் வாசனைக்குப் பதிலாகக் களிம்பு வாசனை வந்தது. அந்த அறையின் ஒரே மாற்றம் அதுதான் என்பதுபோல எல்லோரும் நடந்துகொண்டோம்.

கட்டு மாற்ற நாகர்கோவில் பக்கத்து நர்ஸம்மா ஒருவர் தினம் காலையில் வருவார். அவர்தான் விஷயத்தை நேராகச் சொன்னார்.

"பாத்துக்கிடுங்க அக்கா, தோல் புதுசா வரணும்னா உள்ள சத்து போகணும். சாப்பிட்டார்னா பிழைச்சுக்கிடுவாரு. சாப்பிடலைன்னா நான் என்ன கட்டு போட்டும் பிரயோசனம் இல்ல."

"வாயைத் திறக்க மாட்டேங்காரே நர்ஸம்மா. நாலு வாய் கஞ்சி உள்ள போகலை."

"வாய் புண்ணு. காரமே ஆகாது. மெத்துன்னு, கொழுப்பா ஏதாவது குடுங்க."

காரமே ஆகாது. விருதுநகர் வீடு ஒன்றில் நின்றுகொண்டு சொல்கிற வார்த்தையா அது? அம்மா அன்று பருப்புச்சோறு வத்தல் போடாமல் வைத்தாள். சித்தப்பா முதல் வாயிலேயே துடித்துப்போனார். அம்மிக்கும் கரண்டிக்கும், ஏன், அம்மாவின் விரலுக்கும்கூடப் பரம்பரையாக ஏறின காரம் இருந்தது. அவள் கைபட்டால் பச்சைத் தண்ணீர் காரமாகும். அன்று முழுக்கக் கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் நர்ஸம்மா அந்தப் பதார்த்தத்தைப் பற்றிச் சொன்னார். அவர் மலைமேல் ஏதோ மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். அங்கே தொண்டைப் புண்காரர்களுக்குக் கொடுப்பார்களாம். குழந்தை மாதிரி முழுங்குவார்களாம். கேட்டுக்கொண்டிருந்த அப்பாவின் முகத்தில் பல நாளுக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. செய்வதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டதே. அன்றைக்கே பஸ் ஏறி மதுரைக்குப் போய் டப்பாவில் அடைத்த சீஸ் வாங்கிவந்தார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா அதை மோந்து பார்த்தார்.

"இந்தச் சோப்பு துணிக்குப் போடுறதா, மேலுக்குப் போடுறதா?"

"திங்கிறது மதினி" என்றார் அப்பா.

"அட பாவமே" என்றார் பெரியம்மா. அனுபவசாலி.

ஓவனுக்கு எங்கே போவது? ஊரில் ஓவன் வைத்திருந்தவர் பேக்கரிக்காரர்தான். நல்ல மனுஷன். காரணத்தைக் கேட்டதும் பன் தட்டை ஒதுக்கி எங்கள் பாத்திரத்துக்கு இடம் கொடுத்தார். ஆனால் அவர் அடுப்பிலிருந்து எந்தப் பொருளும் சும்மா வெளியே போனதில்லை. கிழங்கு வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மேலே கொஞ்சம் சீனி தூவி, நட்டநடுவில் ஒரு சிவப்புச் செர்ரிப் பழம் இருந்தது.

சித்தப்பா அந்தச் செர்ரியைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். புண் ஆறாத உதடு விரிந்து ரத்தம் வந்துவிட்டது. ஓடிவந்த அம்மா துணியால் ஒற்றிக்கொண்டே எல்லோருக்கும் உத்தரவு போட்டாள். "இனிமே இந்த ரூமுல எவரும் சிரிப்புக் காட்டப்படாது." பிற்காலத்தில் நகைச்சுவை எழுத்தாளராகப் போகிற ஒருத்திக்கு இதைவிட நல்ல பயிற்சி எங்கே கிடைக்கும்? இன்றைக்கும் என் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் சிரிக்கவில்லை என்றால், யாருக்கும் ரத்தம் வரவில்லை என்று ஆறுதல்பட்டுக்கொள்வேன்.

பிறகுதான் அப்பா வீட்டிலேயே ஓவன் கட்டினார். முற்றத்தில் மூன்று கல் வைத்து, கல்யாணத்துக்கு மட்டும் பரணிலிருந்து இறங்குகிற செம்பு அண்டாவை ஏற்றினார். அடியில் ஆற்றுமணல். மணல்மேல் ஒரு வளையம், வளையத்தின்மேல் கிழங்குப் பாத்திரம். அண்டாவை ஒரு கனத்த இரும்புத் தட்டால் மூடி, தட்டுக்குமேல் கரி நெருப்பை அள்ளிக் கொட்டினார். தட்டைத் தூக்க நீளமாக ஒரு கொக்கி. பார்க்க அருமையாக இருந்தது. தம் பிரியாணி தெரிந்த யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

ஒரே ஒரு சிக்கல். மூடியைப் போட்ட மறு நிமிஷமே அப்பாவுக்கு வேர்த்துவிட்டது.

பட்டாசுக்காரர்களோடு பழகாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். மருந்தைத் திறந்தவெளியில் கொட்டிப் பற்றவைத்தால் புஸ்ஸென்று எரிந்து அடங்கிவிடும். அதையே இறுக்கிச் சுற்றி அடைத்தால்தான் வெடி. அவர்கள் தொழிலே இந்த ஒரு உண்மையின்மேல் நிற்கிறது. நெருப்புக்குப் பயப்படாத அப்பா, அடைத்த நெருப்புக்குப் பயந்தார். எங்கள் வீட்டில் கொதிக்கிற குழம்பைக்கூடத் தட்டுப் போட்டு மூட விடமாட்டார். இட்லிக்கொப்பரை ஏறினால் அவர் தெருவுக்குப் போய்விடுவார். அப்படிப்பட்டவர் இப்போது, தன் கையால், தம்பிக்காக, நெருப்பை மூடி வைத்திருந்தார்.

கொக்கியைப் போட்டுத் தட்டைத் தூக்கினார். ஆவி வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தார். தட்டைப் போட்டார். டங்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தூக்கினார். மறுபடியும் டங்.

"இப்படித் திறந்து திறந்து பாத்தா கெழங்கு எங்கன வேகும்?" என்றாள் அம்மா.

"வேகுதான்னுதான் பாக்கேன்."

"வேகுதான்னா பாக்கீக? வெடிக்குதான்னுல்ல பாக்கீக."

"நீ சும்மா இருக்கியா? நெருப்பைப் பத்தி எனக்குச் சொல்லித்தாரியா?"

அம்மா அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். அந்த வருடம் அப்பாவிடம் அந்த வாக்கியத்துக்குப் பதில் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. அப்பாவும் சொன்ன பிறகுதான் யோசித்திருப்பார். கொக்கியில் ஒட்டின கரியை வேட்டியில் துடைத்தார். பிறகு மூடியைத் தூக்கினார்.

அறைக்கும் முற்றத்துக்கும் நடுவே ஒரு ஜன்னல். நான் அதன் உட்புறம் விசிறியோடு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு தடவை தட்டு விழும்போதும் சித்தப்பா கண்ணை இறுக்கி மூடினார். பிறகு மெதுவாகத் திறப்பார். கரிப்புகை ஜன்னல் வழியாக வரும். கட்டில் சட்டத்தைப் பிடிக்கப் பார்ப்பார்; கையில் கட்டு இருந்ததால் பிடிக்க வராது. அடுத்த டங். மறுபடியும் கண் மூடும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் பயத்தில் மூடியைத் திறந்துகொண்டே இருந்தார். இந்தப் பக்கம் ஒருவர் அதே பயத்தில் கண்ணை மூடிக்கொண்டே இருந்தார். நடுவே நான், இருவருக்கும் பொதுவாக விசிறிக்கொண்டிருந்தேன்.

"ஆத்தா" என்றார் சித்தப்பா. குரல் காகிதம் கசக்குவது போல வந்தது. "வெந்துருச்சாமா?"

"இன்னும் இல்லயாம் சித்தப்பா."

"பரவால்ல. இருக்கபடியே கொண்டாரச் சொல்லு. நான் சாப்பிடுறேன். நெருப்பை அணைக்கச் சொல்லு."

நான் முற்றத்துக்கு ஓடினேன். "சித்தப்பா சாப்பிடுறாராம்!" என்று கத்தினேன். அவ்வளவுதான். அப்பா கொக்கியைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக் குந்தி உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். அம்மா என்னை இழுத்துக் கட்டிக்கொண்டாள். மீதி வாக்கியத்தைச் சொல்ல நான் வாயைத் திறந்தபோது அது அவள் முந்தானைக்குள் இருந்தது.

கிழங்கு கறுக் முறுக்கென்றது. எனக்கே கேட்டது. சித்தப்பா இரண்டு வாய் மென்று முழுங்கினார். அந்தப் புண் வாயால் வேகாத கிழங்கை மென்றார்.

"எப்படிலே இருக்கு?" என்றார் அப்பா.

"நல்லா இருக்குண்ணே."

நல்லா இருக்குண்ணே. அந்த வார்த்தை எங்கள் வீட்டையே தூக்கி நிறுத்திவிட்டது. அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் விடலை போட்டாள். அப்பா தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். மறுநாள் சாயங்காலமும் அண்டா ஏறியது. அதற்கு மறுநாளும் ஏறியது. அது தினசரி வேலையாகிவிட்டது. ஒருநாளும் கிழங்கு வேகவில்லை. வேகுவதற்குள் சித்தப்பா கேட்டுவிடுவார். நாளாக நாளாக இன்னும் சீக்கிரமாகக் கேட்டார். தட்டு முதல் தடவை விழுந்த உடனேயே, "கொண்டாரச் சொல்லு ஆத்தா" என்பார்.

"பாத்தியா, பய பசி தாங்க மாட்டேங்கான்" என்றார் அப்பா. "நேத்துக்கு இன்னைக்கு எம்புட்டு முன்னேத்தம்!"

நர்ஸம்மாகூட நம்பினார். அடுப்பை வேறு இடத்துக்கு மாற்றலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. சமையல் வாசனை பட்டால் பசி கிளம்பும் என்று ஜன்னலை இன்னும் அகலமாகத் திறந்து வைத்தார்கள். அன்பில் குறை சொல்ல முடியாது. பிரியத்தோடு ஒரு மனுஷனை இவ்வளவு ஒழுங்காக, நேரம் தவறாமல் வதைத்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஒருநாள் ஆள் இல்லாத நேரத்தில் நானே கேட்டேன். "நெசமாவே நல்லா இருக்கா சித்தப்பா?"

"வெள்ளையடிக்கிற சுண்ணாம்பு இருக்குல்ல, அதுல வெண்ணெயைப் போட்டுக் கிண்டுன மாதிரி இருக்கு." மூச்சு வாங்கிக்கொண்டார். "அண்ணன்ட்ட சொல்லிராத. அவரு மூஞ்சியப் பாத்தியா, எம்புட்டுச் சந்தோசம்."

"அப்ப உங்களுக்கு என்ன வேணும்?"

அவர் வாசல் பக்கம் பார்த்தார். தெருமுனைப் பரோட்டாக் கடையில் கொத்துகிற சத்தம் லேசாகக் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு அவர் கண்ணை மூடவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார்.

தீபாவளி நெருங்கியது. ஊரிலிருந்து லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. யூனிட் மூடிக் கிடந்தது. அப்பாவுக்கு அண்டாவைத் தவிர வேறு வேலை இல்லை. சித்தப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஒருநாள் காலையில் நர்ஸம்மா கட்டைப் பிரித்துப் பார்த்தார். வழக்கமாகப் பேசிக்கொண்டே வேலை செய்கிறவர், அன்று மறுபடியும் கட்டிவிட்டுப் பேசாமல் போய்க் கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். "நல்லாச் சாப்பிடுறாப்ல நர்ஸம்மா" என்றார் அப்பா. "சாப்பிடட்டும் அண்ணே" என்றார் அவர். காபி குடிக்காமல் போய்விட்டார்.

அன்று சாயங்காலமும் அப்பா நெருப்பு மூட்டினார். தட்டைத் தூக்கிப் போட்டார். டங். நான் சித்தப்பா கேட்பதற்காகக் காத்திருந்தேன். மறுபடியும் டங். அவர் கேட்கவில்லை.

"என்னாத்தா, இன்னும் கேக்கலையா?" என்று முற்றத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

தட்டு விழுந்தது. சித்தப்பா கண்ணை மூடவில்லை. கண் திறந்தபடியே இருந்தது. நான் விசிறிக்கொண்டே இருந்தேன்.

அந்த வருடம் ஊரெல்லாம் வெடி வெடித்தது. எங்கள் தெருவில் வெடிக்கவில்லை. அடுத்த தெருவில் வெடித்தார்கள். அதைக் குறை சொல்ல முடியுமா? அவர்கள் வெடித்தால்தான் எங்களுக்குச் சோறு.

முதல் தெவசம் வந்தபோது என்ன வைப்பது என்று ஒருவருமே கேட்கவில்லை. அப்பா தானாகப் பரணில் ஏறி அண்டாவை இறக்கினார். கல், மணல், வளையம், கிழங்கு, நெருப்பு. மூடியைப் போட்டார். பிறகு அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கொக்கியைக் கையில் எடுக்கவேயில்லை. அம்மா ஒரு தடவை, "பாக்கலையா?" என்று கேட்டாள். "இனிமே என்னத்தப் பாக்க?" என்றார். அடைத்த நெருப்பு அது பாட்டுக்குத் தன் வேலையைச் செய்தது. முழுசாக வெந்து, மேலே பொன் நிறமாக, நர்ஸம்மா சொன்ன மாதிரியே கிழங்கு அன்றுதான் முதன்முதலாக வந்தது. அப்பா அதில் ஒரு வில்லையை இலையில் வைத்துவிட்டு, "இப்பச் சாப்பிடுலே" என்றார். காகம் வந்து கொத்தியது. "எம்புட்டு ஆசையாச் சாப்பிடுது பாரு" என்று எல்லோரும் கண் கலங்கினார்கள். காகம் சோப்பைக்கூடத் தின்னும் என்பதை அந்த நேரத்தில் சொல்ல முடியுமா?

அப்பா இருந்தவரை வருடாவருடம் அவரேதான் செய்தார். அவருக்குப் பிறகு அம்மா. அம்மாவுக்குப் பிறகு நான். அண்டாவைத் தம்பி பழைய பாத்திரக் கடையில் போட்டுவிட்டான். கொக்கி மட்டும் மாடியில் கிடக்கிறது, ஒட்டடை அடிக்க. அம்மாவுக்கு உண்மை தெரியுமா என்று பலநாள் யோசித்திருக்கிறேன். தெவசம் முடிந்த சாயங்காலம் அவள் தன் கைக்காசில், மற்றவர்களுக்குத் தெரியாமல், பரோட்டாக் கடைக்கு ஆள் அனுப்பி ஒரு செட் வாங்கிவரச் சொல்வாள். யாருக்கு என்று கேட்டால், "எனக்குத்தான்" என்பாள். அவள் பரோட்டா தின்று நான் பார்த்ததில்லை.

இந்த வருடம் தம்பி மகள் ஒரு ஓவன் வாங்கிக்கொண்டே வந்துவிட்டாள். கண்ணாடிக் கதவு, உள்ளே விளக்கு. கிழங்கு கொதிப்பதை நாற்காலி போட்டுப் பார்க்கலாம். செல்போனை நிறுத்தி வைத்து வீடியோ எடுத்தாள்.

"சொல்லுங்க அத்தை, சித்தப்பா தாத்தா இதை எப்படிச் சாப்பிடுவாங்க?"

"கொண்டு வான்னு அவசரப்படுத்துவாக" என்றேன். "வேகக்கூட விடமாட்டாக."

"சோ ஸ்வீட்" என்றாள்.

உள்ளே வெண்ணெய் குமிழி விட்டது. கதவு இறுக்கி மூடியிருந்தது. நான் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் முகம் அதில் தெரிந்தது. அதற்குப் பின்னால் நெருப்பு இருந்தது.

"வெந்தது போதும். அணைச்சிரு" என்றேன்.

"இன்னும் பாதி நேரம் இருக்கே அத்தை."

"அணைக்கச் சொல்லுதாக. அணைச்சிரு."

"யாரு சொல்றா?"

நானே எழுந்து போய்ச் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினேன். விளக்கு அணைந்தது. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியாயிற்று என்று பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம் என்றால், கேட்க வேண்டியவர்களில் ஒருவர்கூட இல்லை.

இலையில் வைத்தோம். எல்லோருக்கும் பரிமாறினோம். கறுக் முறுக்கென்று சத்தம் கேட்டது. தம்பி தட்டைப் பார்த்தான். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காகம் வந்தது, ஒரு வில்லையைக் கொத்தியது, கீழே போட்டுவிட்டுப் போய்விட்டது.

"பாருங்க, சித்தப்பா தாத்தாவுக்கே பிடிக்கலை" என்றாள் தம்பி மகள். என் தட்டை வாங்கிக்கொண்டு, வயதானவர்களிடம் பேசுகிற அந்தப் பிரியமான குரலில் சொன்னாள்: "அடுத்த வருஷம் நான் பாத்துக்கிறேன் அத்தை. நல்லா நேரம் கூட்டி வைப்போம். நீங்க கிட்டயே வராதீங்க."